பழைய காரில் கியர்பாக்ஸ் சத்தம்: பாக்ஸை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பழைய கார் வைத்திருப்பவருக்கு எஞ்சின் சத்தம் கேட்டால் கவலை வரும். கியர்பாக்ஸ் சத்தம் கேட்டால் பயமே வந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்பார்கள். பல நேரம் அதற்குத் தேவையே இருக்காது. பினாங்கில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மோரிஸ் மைனர், டட்சன் 120ஒய், பழைய கொரோலா மாதிரியான கார்களில் கியர்பாக்ஸ் மேல் பழி விழும் சத்தங்களில் நிறைய, அதற்கு வெளியே பிறப்பவை. கிளட்ச், பின்னால் போகும் தண்டின் மூட்டான கிராஸ் ஜாயின்ட், பின் ஆக்ஸிலின் கியர்களான டிஃபரன்ஷியல், சக்கர பேரிங், எண்ணெயில் ஊறி உப்பிப்போன ரப்பர் மவுண்டிங் என்று சந்தேகப்பட வேண்டிய இடங்கள் பல உண்டு.

மைனர் 1948-ல் வந்து 1971-ல் உற்பத்தி நின்ற கார். அதன் பாக்ஸுக்குள் இருக்கும் பற்கள் ஐம்பது, அறுபது வருடமாக ஒன்றோடு ஒன்று பழகித் தேய்ந்தவை. காரணமில்லாமல் பிரித்து, இணை மாற்றிப் பூட்டினால் அதுவரை அமைதியாக இருந்த கியரும் ஊளையிட ஆரம்பிக்கும். அதனால் காது, கால், ஒரு வெள்ளைத் துணி, ஒரு காந்தம் இவற்றை வைத்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டு, கடைசியில்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் ஏமாந்துபோவோம். காரின் தரைத்தகடு முழுவதும் சத்தத்தைக் கடத்தும். பின்னால் பிறந்தது முன்னால் கேட்கும். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே செய்யுங்கள். கீழே சொல்வது முன்னால் எஞ்சினும் பின்சக்கர ஓட்டமும் உள்ள மேனுவல் கார்களுக்கு. எஞ்சினுக்கு அடியில் பாக்ஸ் உள்ள மினியும், பின்னால் எஞ்சின் உள்ள பீட்டிலும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

பாக்ஸுக்குள் எது எப்போது சுற்றுகிறது

இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. எஞ்சினிலிருந்து கிளட்ச் வழியாக வரும் தண்டு இன்புட் ஷாஃப்ட். அதன் பின்முனையில் உள்ள பல்சக்கரம் கீழே இருக்கும் லே ஷாஃப்ட்டை எப்போதும் சுழற்றிக்கொண்டே இருக்கும். லே ஷாஃப்ட்டின் பற்கள் மேலே மெயின் ஷாஃப்ட்டில் உள்ள சக்கரங்களைச் சுழற்றும். மெயின் ஷாஃப்ட் பின்னால், பின் ஆக்ஸிலுக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் நீண்ட புரொபெல்லர் ஷாஃப்ட்டுக்குப் போகிறது.

கார் நிற்கிறது, ஃபிரீ கியர், கிளட்ச் மிதிக்கவில்லை என்றால் இன்புட் ஷாஃப்ட்டும் லே ஷாஃப்ட்டும் சுற்றும். மெயின் ஷாஃப்ட் நிற்கும். கிளட்சை முழுதாக மிதித்தால் பாக்ஸுக்குள் எல்லாமே அடங்கிவிடும். அப்போது சுற்றுவது எஞ்சினோடு பூட்டிய கிளட்ச் கவரும், மிதிக்கும்போது அதை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கும்தான். நாலாவது கியரில் இன்புட் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். லே ஷாஃப்ட் அப்போதும் சுற்றும், ஆனால் அதன் மேல் சுமை இருக்காது. ஐந்து கியர் உள்ள பல ஜப்பானிய பாக்ஸ்களிலும் நாலாவதுதான் இந்த நேர் கியர். பீட்டிலில் நேர் கியரே கிடையாது, எல்லா கியரும் ஒரு ஜோடிப் பற்கள் வழியாகத்தான் போகும். அந்தக் காருக்கு மட்டும் நாலாவது கியர் சோதனை பொருந்தாது.

முதலில் எண்ணெய்

எண்ணெய் அளவைப் பார்க்காமல் வேறு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். குறைந்த எண்ணெயில் நல்ல பாக்ஸும் கத்தும், ஊற்றினால் அடங்கிவிடலாம். நாள்கணக்கில் குறைவாக ஓடியிருந்தால் மட்டும் பேரிங் ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

ஊற்றும் நட்டை முதலில் தளர்த்துங்கள், வடிக்கும் நட்டை அப்புறம். மாற்றிச் செய்து, எண்ணெய் எல்லாம் தட்டில் வடிந்த பிறகு மேல் நட் துருவேறி அசைய மறுத்தால் கார் அங்கேயே கிடக்கும். மட்டமான தரையில், ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் இருக்க வேண்டும். பல மைனர்களில் இந்தத் துளைக்குக் காருக்குள்ளிருந்தே கை போகும்: கார்பெட்டைத் தூக்கினால் டனலில் (பாக்ஸை மூடும் தரை மேட்டில்) ஒரு ரப்பர் அடைப்பு தெரியும்.

எந்த எண்ணெய் என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மைனரின் கியர்பாக்ஸுக்குத் தொழிற்சாலை சொன்னது எஸ்.ஏ.இ 30 எஞ்சின் எண்ணெய்; பின் ஆக்ஸிலுக்கு ஹைப்பாய்டு 90 கியர் எண்ணெய். இரண்டும் கியர் தானே என்று ஒரே டின்னிலிருந்து ஊற்றக் கூடாது. மினியில் எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய்தான், அதனால் அங்கே எஞ்சின் எண்ணெயை அடிக்கடி மாற்றுவது பாக்ஸைக் காப்பாற்றுவதும் ஆகும். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 80 அல்லது 90 தடிமனுள்ள கியர் எண்ணெய். டின்னில் ஜி.எல்-4 என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். ஜி.எல்-5 எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து அதிகம். பழைய பாக்ஸ்களில் கியர் விழும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அது அரித்துவிடலாம். முந்தைய உரிமையாளர் மைனருக்குள் ஜப்பானிய பாக்ஸைப் பூட்டிவைத்திருக்கவும் கூடும். அப்படியிருந்தால் காரின் கையேட்டை மறந்துவிட்டு பாக்ஸின் கையேட்டைப் பாருங்கள்.

எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தில் நின்ற கார் என்றால் இது ஆச்சரியமே இல்லை. காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், பேரிங் உருளைகளில் துரு பிடிக்கும், துருப் புள்ளிகள் பிறகு உறுமலாகக் கேட்கும். இப்படிப்பட்ட பழைய காரை வாங்கப் போகிறீர்கள் என்றால் விலை பேசுவதற்கு முன் இந்த எண்ணெயைப் பார்த்துவிடுங்கள்.

கார் நிற்கும்போது

காரை நன்றாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக இருந்து தேய்மானத்தை மறைத்துவிடும். மத்தியான வெயிலில் ஜோர்ஜ் டவுன் ஜாமில் நகர்ந்துவிட்டு வந்தால் போதும், மறைக்க ஒன்றும் மிஞ்சாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஃபிரீ கியரில் ஓடவிடுங்கள். ரேடியோ, விசிறி எல்லாம் அணைக்க வேண்டும்.

கிளட்சை விட்ட நிலையில் ஒரு கரகரப்போ சீரான உறுமலோ கேட்கிறது, மெதுவாக மிதித்து அடியில் போனதும் நின்றுவிடுகிறது என்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கோ லே ஷாஃப்ட் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. மினியில் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சினிலிருந்து கீழே பாக்ஸுக்கு ஓட்டத்தைக் கடத்தும் இடைக் கியரின் ஆட்டம் அது. அந்தச் சத்தம் ஐடிலில் கடகடவென்று கேட்கும்.

கிளட்சை விட்டால் அமைதி, மிதி லேசாக அழுந்தத் தொடங்கியதும் கீச்சென்றோ சரசரவென்றோ வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். மைனரில் இது உருளும் பேரிங் இல்லை, ஒரு கார்பன் வளையம். கார்பன் தீர்ந்துபோனால் இரும்பும் இரும்பும் உராயும், அந்த ஓசை தெரு முழுக்கக் கேட்கும். சிக்னலில் கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடியே நிற்பவர்கள் இந்த வளையத்தைச் சீக்கிரம் தின்றுவிடுவார்கள். கொம்தார் பக்கம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஃபிரீ கியருக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள்.

கிளட்சை முழுதாக மிதித்து, கியரும் போட்டு, கார் நிற்கும்போது மட்டும் ஒரு கீச்சொலி வந்தால் எஞ்சினின் பின்முனையில், இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கைத் தாங்கும் சிறிய புஷ்ஷைச் சந்தேகப்படுங்கள். அந்த நிலையில்தான் எஞ்சின் சுற்ற, தண்டு அசையாமல் நிற்கும்.

ஐடிலில் மட்டும் பாக்ஸ் கடகடக்கிறது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் மிதித்ததும் மறைகிறது என்றால் தயவுசெய்து பாக்ஸைத் தொடாதீர்கள். கார்புரேட்டரும் இக்னிஷனும் சரியில்லாமல் எஞ்சின் விட்டுவிட்டு ஓடினால் ஒவ்வொரு உதைப்பும் பற்களின் இடைவெளியில் போய்த் தட்டும். பிளக், பாயின்ட், கார்புரேட்டர் மூன்றையும் சரிசெய்து ஐடிலைச் சீராக்குங்கள். பிறகும் இருந்தால் கிளட்ச் தட்டின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம்.

சத்தத்தை நெருங்கிக் கேட்க, நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோடு ஒட்டி, முனையைப் பாக்ஸின் மேல் வையுங்கள். கிளட்ச் உறை, நடு உடம்பு, வால் பகுதி என்று மாற்றி மாற்றி வைத்து ஒப்பிடுங்கள். எஞ்சின் ஓடும்போது காருக்கு அடியில் படுத்து இதைச் செய்யவே கூடாது. கார்பெட்டுக்கு அடியில் உள்ள திறப்பு வழியாகச் செய்யுங்கள். ஃபேன் பக்கம் தளர்ந்த சட்டை, துண்டு எதுவும் போகக் கூடாது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம்: கியர் லீவரைக் கையால் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் சத்தம் நின்றால் அது லீவரின் அடியில் உள்ள ஸ்பிரிங் அல்லது புஷ். சில வெள்ளிச் செலவில் முடிகிற வேலை.

ரோட்டில்

இதற்கு நெரிசல் இல்லாத, நேரான ரோடு வேண்டும். ஞாயிறு காலை துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலை நன்றாக இருக்கும். பினாங்குப் பாலத்தில் வேகத்தைச் சீராகப் பிடிக்கலாம் என்றாலும் பாலத்தின் இணைப்புகளில் டயர் தட்டும் ஓசை காதைக் குழப்பும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும்; ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

முதல் சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியம். மூன்றாவது கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போங்கள். சத்தத்தின் சுருதியைக் கவனியுங்கள். அதே 50-ல் நாலாவதுக்கு மாறுங்கள். எஞ்சின் வேகம் குறைந்தும் சுருதி மாறவில்லை என்றால் சத்தம் சக்கரத்தின் வேகத்தைப் பின்பற்றுகிறது. அப்படியானால் பாக்ஸின் பின் பேரிங், புரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், சக்கரம் இவற்றில் ஒன்று. சுருதி எஞ்சினோடு சேர்ந்து இறங்கினால் இன்புட் பக்கம் அல்லது எஞ்சினிலேயே பாருங்கள்.

அடுத்து, 60-ல் கிளட்சை மிதித்து ஃபிரீ கியருக்கு வந்து, கிளட்சை மிதித்தபடியே காரை உருள விடுங்கள். சாவியை அணைக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் கார்கள் உண்டு. சத்தம் அப்படியே தொடர்ந்தால் பாக்ஸின் முன்பாதியையும் கிளட்சையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இப்போது ஒவ்வொரு கியராக. ஒன்று, இரண்டு, மூன்றில் ஊளை, நாலாவதில் மட்டும் அமைதி என்றால் லே ஷாஃப்ட்டின் பேரிங்கோ பற்களோதான். சுமை இல்லாதபோது அது வாயை மூடிக்கொள்கிறது. ஒரே ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்த ஜோடிப் பற்கள். சீரான ஊளைக்கு நடுவே டொக், டொக் என்று ஒழுங்கான இடைவெளியில் தட்டினால் ஒரு பல் உடைந்திருக்கிறது. அங்கேயே ஓட்டத்தை நிறுத்துங்கள். உடைந்த துண்டு இரண்டு சக்கரங்களுக்கு நடுவே மாட்டினால் பாக்ஸின் உறையே வெடிக்கும். அதே சமயம், முதல் கியரும் கோஸ்தான் (ரிவர்ஸ்) கியரும் மைனரில் நேர்வெட்டுப் பற்கள். அவை பாடத்தான் செய்யும். புதிய காரிலும் பாடின.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் என்ன நடக்கிறது என்று பார்க்க தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலை ரோட்டைவிட நல்ல இடம் தீவில் இல்லை. ஏறும்போது சுமை, இறங்கும்போது எஞ்சின் பிடிப்பு, இரண்டும் நீண்ட நேரம் கிடைக்கும். ஏறும்போது உய்ங் என்று வந்து காலை எடுத்ததும் மறைவது பெரும்பாலும் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் சிறிய பினியனும் சரியாகப் பொருந்தாத ஓசை. இறக்கத்தில் மட்டும் அது பெரிதானால் பினியன் பேரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மிதிப்பதிலிருந்து விடும் அந்த நொடியில் மட்டும் ணங் என்று ஒரு அடி விழுந்தால் கிராஸ் ஜாயின்ட்டையும் மவுண்டிங்கையும் பாருங்கள். இறக்கத்தில் கியர் தானாக வெளியே குதித்தால் அதையும் குறித்துவையுங்கள். கியரைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங், அதை நகர்த்தும் ஃபோர்க், கியரின் கொக்கிப் பற்கள் என்று காரணம் பாக்ஸுக்குள் இருக்கலாம். உடைந்த மவுண்டிங்கும் இதைச் செய்யும், ஆகவே மவுண்டிங்கை முதலில் பாருங்கள்.

சக்கர பேரிங்குக்கு, பத்து காவான் பக்கம் உள்ள அகலமான, காலியான ரோட்டில் 50-ல் இடமும் வலமும் மெதுவாக அசைத்து ஓட்டுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடச் சக்கரத்தின் மேல் விழும். உறுமல் அப்போது கூடினால் இடப்பக்க பேரிங். டயரா என்று சந்தேகமாக இருந்தால் காற்றை நாலைந்து பி.எஸ்.ஐ. கூட்டிப் பாருங்கள், அல்லது தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்குப் போகும்போது ஓசை மாறுகிறதா என்று கேளுங்கள். அதிகம் ஓடாமல் நின்ற கார்களில் டயர் இறுகிப்போய் பேரிங் மாதிரியே உறுமும். மீட்டர் முள் துடித்துக்கொண்டே டிக்டிக் என்று வந்தால், பாக்ஸ் முனையில் ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள்.

கியர் விழும்போது கரகரப்பு

இதை ஓட்டச் சத்தத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். கார் நிற்கும்போது கிளட்சை அடிவரை மிதித்து, மூன்று நான்கு விநாடி காத்திருந்து கோஸ்தான் போடுங்கள். காத்திருந்ததும் சத்தமில்லாமல் விழுந்தால் ஒன்றும் குறையில்லை, சுற்றிக்கொண்டிருந்த தண்டு நிற்க நேரம் தேவைப்பட்டது. எவ்வளவு காத்தாலும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிள், லிங்க், ஹைட்ராலிக், முன்னே சொன்ன சிறிய புஷ் இவற்றைப் பாருங்கள். ஓடும்போது இரண்டாவதில் மட்டும் கரகரத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. மைனரின் முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. ஓடும் காரில் அதற்கு இறங்க இரட்டைக் கிளட்ச் (ஃபிரீ கியரில் கிளட்சை ஒருமுறை விட்டு மறுபடி மிதிப்பது) போட்டுத்தான் ஆக வேண்டும்.

காருக்கு அடியில்

எஞ்சின் அணைந்து, பாக்ஸ் ஆறிய பிறகு, ஜாக் ஸ்டாண்டின் மேல் கார் உறுதியாக நிற்கட்டும். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் உள்ளே போகாதீர்கள். ஃபிரீ கியரில் புரொபெல்லர் ஷாஃப்ட்டை இரு கையாலும் முன்னும் பின்னும் முறுக்குங்கள். கிராஸ் ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்தே அசைய வேண்டும். நடுவில் ஆட்டம் தெரிந்தாலோ மூடிகளைச் சுற்றிச் செம்மண் நிறத் தூள் இருந்தாலோ அது போய்விட்டது. மவுண்டிங்கைப் பார்க்க பாக்ஸின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் லேசாகத் தூக்குங்கள். ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்து வந்தால் மாற்றுங்கள். சைலன்சர் குழாய் தரைத்தகட்டில் உரசிய பளபளப்பான தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த உரசல் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அச்சு அசல் கியர்பாக்ஸ் உறுமல்தான்.

எண்ணெய் சொல்லும் சாட்சி

இதுவரை எல்லாம் பாக்ஸையே காட்டினால் எண்ணெயைச் சூட்டோடு சுத்தமான தட்டில் வடியுங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை உள்ளே துழாவி, வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் பாருங்கள். பசை மாதிரி நைசான சாம்பல் நிறத் தூள் இயல்பானது. காந்தத்தில் ஒட்டும் மெல்லிய பளபளப்பான செதில்கள் பற்களின் கெட்டியான மேல்தோல் உரிவதைக் காட்டும். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் தூள் சிங்க்ரோ வளையம் அல்லது பித்தளை வாஷர். கையில் எடுக்கிற அளவுக்குத் துண்டு கிடைத்தால் மேற்கொண்டு சோதனை வேண்டாம், காரை ஓட்டவும் வேண்டாம். வடிக்கும் நட்டுக்குப் புதிய செம்பு வாஷர் போட்டு மூடுங்கள்.

ஃபோமனிடம் (மெக்கானிக்கிடம்) பேசும்போது

"அண்ணே, கியர்பாக்ஸ் சத்தம் போடுது" என்று சொன்னால் பாக்ஸ் இறங்கும். "அண்ணே, ஃபிரீ கியர்ல உறுமுது, கிளட்ச் மிதிச்சா நிக்குது, நாலாவதுல சத்தமில்ல, எண்ணெயில செதில் இருக்கு" என்று சொன்னால் அவர் லே ஷாஃப்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். எண்ணெய் துடைத்த துணியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

லேசான லே ஷாஃப்ட் ஊளையோடு, நல்ல எண்ணெய் ஊற்றி, வருடக்கணக்கில் ஓடும் கார்கள் உண்டு. எண்ணெயில் செதில் இல்லை, சத்தமும் கூடவில்லை என்றால் விட்டுவிடுவதே என் ஆலோசனை. பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்றால் பேரிங், ஆயில் சீல், கேஸ்கட், ரிலீஸ் பேரிங், முன் புஷ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். உதிரிபாகத்தைவிடக் கூலிதான் அதிகம். பழைய பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணைப் படமெடுத்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போங்கள். பிரிட்டிஷ் பாக்ஸ்களில் பல பேரிங்குகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் பேரிங் கிட்டத்தட்ட நுழைவது போல இருக்கும். சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றச் சம்மதிக்காதீர்கள். பற்கள் நன்றாக இருந்தால் பழைய ஜோடிகளைப் பிரிக்காமல் அப்படியே திரும்பப் பூட்டச் சொல்லுங்கள்.

பூட்டி முடித்த பிறகு அதே ரோடுகளில், அதே வேகங்களில், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை ஒருமுறை வடித்து, அதையும் காந்தமும் துணியும் வைத்துச் சோதியுங்கள். புதிய செதில் இல்லையென்றால் அடுத்த மாற்றத்தைக் கையேடு சொல்லும் கணக்கில் செய்தால் போதும்.